வேண்டாத அழைப்பு: ‘தேவையற்ற’ என்ற சொல் ஏன் பொருந்தாது?

போன வாரம் காப்பீடு விற்கும் ஒருவர் என் கைப்பேசிக்கு அழைத்தார். “தேவையற்ற அழைப்புகள் வரக் கூடாது என்று பதிவு செய்து வைத்திருக்கிறேனே, எப்படி அழைத்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: “சார், இது தேவையற்ற அழைப்பு இல்லை. உங்க குடும்பத்துக்குக் கண்டிப்பா தேவையான விஷயம்தான்.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அழைப்பைத் துண்டித்த பிறகுதான் யோசித்தேன். காப்பீடு தேவையில்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? தேவையாகக்கூட இருக்கலாம். அவர் செய்த தவறு வேறு. நான் கேட்காமல், என் இசைவு இல்லாமல் அழைத்தார். அந்தத் தவறைச் சுட்ட வேண்டிய சொல்லை நாம் வேறு எதையோ சுட்டும்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். தொலைபேசி நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி, நாளிதழ்ச் செய்தி, தொலைக்காட்சி அறிவிப்பு என்று எங்கே பார்த்தாலும் ‘தேவையற்ற அழைப்புகள்’தான். நானும் அதையே சொல்லி மாட்டிக்கொண்டேன்.

மூலச் சொல் ‘அன்சொலிசிட்டட் கமர்ஷியல் கம்யூனிகேஷன்’. சுருக்கமாக யூசிசி. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007இல் அழைக்கக் கூடாத எண்களுக்கான பதிவேட்டைக் கொண்டுவந்தபோதே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 2010 விதிமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2018 விதிமுறைகளிலும் அதுவே மையச் சொல். இதில் ‘சொலிசிட்’ என்பது லத்தீனிலிருந்து வந்தது. ‘சொல்லுஸ்’ என்றால் முழுமை, ‘சிட்டுஸ்’ என்றால் அசைக்கப்பட்டது. முழுவதுமாகக் கிளறிவிடு, அலைக்கழி என்பதே பழைய பொருள். பிறகு ‘விடாமல் கேள்’ என்றும், ‘வேண்டிக் கேள்’ என்றும் பொருள் நகர்ந்தது. முன்னால் ‘அன்’ சேர்ந்தால் ‘கேட்டுப் பெறாதது’. பிறப்பு வரலாறு இவ்வளவுதான்.

இப்போது ‘தேவையற்ற’ என்பதைப் பார்ப்போம்.

2018 விதிமுறைகள் யூசிசியை எப்படி வரையறுக்கின்றன? பெறுபவர் கொடுத்த இசைவின்படியும் வராத, அவர் பதிவு செய்த விருப்பத்தின்படியும் வராத வணிகச் செய்தியோ அழைப்போதான் யூசிசி. இசைவு, விருப்பம், இரண்டே அளவுகோல். தேவை என்ற பேச்சே அங்கு இல்லை. இல்லாமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு.

ஒருவர் வீட்டுக் கடனுக்காக அலைந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வணிக அழைப்புகளையும் தடுத்துப் பதிவும் செய்திருக்கிறார். முன்பின் தெரியாத நிறுவனம் அழைத்து “கடன் வேண்டுமா?” என்கிறது. கடன் அவருக்குத் தேவை. ஆனாலும் அந்த அழைப்பு விதிமீறல்தான், புகார் செய்யலாம். இதையே திருப்பிப் பாருங்கள். வாங்கி முடித்த ஒரு பொருளைப் பற்றி, முன்பு தானே கேட்டுப் பதிவு செய்த கடையிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இப்போது அதில் அவருக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் அது யூசிசி ஆகாது, ஏனென்றால் அவர் கொடுத்த இசைவு இன்னும் நிற்கிறது. அவர் செய்ய வேண்டியது இசைவைத் திரும்பப் பெறுவது. தேவை இருந்தும் விதிமீறல், தேவை இல்லாமலும் விதிமீறல் இல்லை. இரண்டு பக்கமும் தவறாகக் காட்டும் சொல்லை எப்படிக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்வது?

இலக்கணத்திலும் கோளாறு இருக்கிறது. ‘தேவை’ ஒரு நிலை. ‘தேவைப்படு’ என்று வினையாக்கினாலும் அது நிலையைத்தான் சொல்லும். ‘சொலிசிட்’ என்பதோ ஒரு செயல், ஒருவர் வாய் திறந்து கேட்பது. செயல் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிலை இல்லை என்று சொல்கிறோம். ‘அற்ற’ என்ற ஒட்டு இன்னும் கெடுக்கிறது. பயனற்ற, பொருளற்ற, மதிப்பற்ற என்று சொல்லும்போது அந்தக் குறை பொருளிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாக ஆகிறது. ‘தேவையற்ற அழைப்பு’ என்றாலும் அப்படித்தான். யாருக்கும் தேவைப்படாத, உள்ளடக்கமே வீணான அழைப்பு என்ற தோற்றம் வருகிறது. உடனே விற்பவர் தன் பொருளின் அருமையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார், ஏனென்றால் நாம் பழித்தது பொருளை. அவர் என் நேரத்துக்குள் கேட்காமல் நுழைந்தது பேச்சில் வரவே இல்லை.

‘மக்களுக்குத் தெரிந்த சொல் இதுதானே, விட்டுவிடு’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். தெரிந்த சொல்தான். அதனால்தான் கவலைப்படுகிறேன். புரியாத சொல் யாரையும் ஏமாற்றாது, அகராதியைப் பார்க்க வைக்கும். நன்றாகப் புரிகிற தவறான சொல் தவறான கருத்தையும் நன்றாகவே புரியவைத்துவிடும். ‘நமக்குத் தேவையில்லை, இன்னொருவருக்குத் தேவைப்படுமோ என்னவோ, பாவம் அவரும் பிழைக்க வேண்டும்’ என்று புகார் செய்யாமல் விடுபவர்களை எனக்கே தெரியும். பிழைப்பதைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கேட்டுவிட்டு அழைக்கட்டும்.

சரி, வேறு என்ன சொல்லலாம்?

‘கோரப்படாத வணிகத் தொடர்பு’ என்று சில அரசு ஆவணங்களின் பாணியில் எழுதுகிறார்கள். பொருள் சரி. கோருவது ஒரு செயல்தான். ஆனால் ‘கோரப்படாத’ என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் யார் கோரவில்லை என்பது மறைந்துபோகிறது. பேச்சில் ஒருவர் வாயிலும் வராது. விண்ணப்பப் படிவத்தில் மட்டும் வாழும் சொல்.

‘கேளா அழைப்பு’ என்பது தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலருக்குப் பிடித்தது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ‘கேள்’ என்பதற்கு வினவுதல், வேண்டுதல், செவியால் கேட்டல் என மூன்று பொருளும் உண்டு. எதிர்மறையில் செவிதான் முந்திக்கொள்கிறது. ‘கேட்பினும் கேளாத் தகையவே’ என்று குறள் சொல்வதும் காதைப் பற்றித்தானே. ‘கேளா அழைப்பு’ என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “மிஸ்டு காலா?” என்றார். அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

‘அழையா விருந்தாளி’ என்ற அருமையான வழக்கு நம்மிடம் இருக்கிறது. கருத்து அப்படியே பொருந்துகிறது. ஆனால் தொலைபேசிக்குக் கொண்டுவந்தால் ‘அழையா அழைப்பு’ என்றாகிவிடும், யாருக்கும் புரியாது. அழைக்கக் கூடாத எண்களின் பதிவேட்டை ‘அழையாதோர் பட்டியல்’ என்று எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல். அழையாதோர் என்றால் அழைக்காமல் இருந்தவர்கள். கல்யாணத்துக்கு யார் யாரெல்லாம் கூப்பிடவில்லை என்று குறித்து வைத்த பட்டியல் போலிருக்கிறது. அங்கே இருக்க வேண்டியவர்கள் அழைக்கப்படக் கூடாதவர்கள்.

ஸ்பேம் என்பதற்கு ‘எரிதம்’ என்றும் இணையத்தில் எழுதுகிறார்கள். ஸ்பேம் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு கதை இருக்கிறது. 1937இல் சந்தைக்கு வந்த டின் இறைச்சியின் பெயர் அது. 1970இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சியில் அந்தப் பெயரையே ஓயாமல் சொல்லிச் சொல்லி மற்றவர் பேச்சை மூழ்கடித்தார்கள். அந்த நினைவில்தான் கணினிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து குவியும் செய்திக்கு அதைப் பெயராக வைத்தார்கள். ‘எரிதம்’ என்ற சொல்லில் அப்படி எந்தப் பிடியும் கிடைக்கவில்லை. எரி என்றால் தீ, எறி என்றால் வீசு. படிப்பவர் தீயைத்தான் நினைப்பார். தவிர, ஸ்பேம் என்பது குவியலைச் சொல்கிறது, இசைவைச் சொல்லவில்லை. கேட்காமல் வந்த ஒரே ஓர் அழைப்பும் யூசிசிதான்.

எனக்கு நிறைவாக இருப்பது ‘வேண்டாத அழைப்பு’.

‘வேண்டு’ என்ற வினையின் வீச்சைப் பாருங்கள். வேண்டுகோள், வேண்டுதல், வேண்டி நின்றான் என்னும்போது கேட்பது. ‘வேண்டத்தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ’ என்று மாணிக்கவாசகர் பாடும்போதும் கேட்பதுதான். ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்று வள்ளுவர் சொல்லும்போது விரும்புவதும் வெறுப்பதும். ஆக வேண்டாதது என்றால் கேட்காதது, விரும்பாதது இரண்டும். ஆங்கிலத்தில் ‘அன்சொலிசிட்டட்’, ‘அன்வான்ட்டட்’ என்று இரண்டு சொல் தேவைப்படுகிற இடத்தில் தமிழுக்கு ஒன்றே போதும். விதிமுறை சொல்லும் இசைவு, விருப்பம் ஆகிய இரண்டு அளவுகோலும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. அது மட்டுமில்லை. அழைப்பு வந்ததும் நாம் எல்லோரும் என்ன சொல்கிறோம்? “வேணாம்ங்க.” கலைச்சொல் நம் வாயிலேயே இருக்கிறது.

இதற்கும் மறுப்பு உண்டு. ‘வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்’ என்ற பழமொழியில் வேண்டாமை வெறும் வெறுப்புதானே என்பார்கள். ‘எனக்கு வேண்டும்’ என்பதில் தேவையும் கலந்திருக்கிறதே என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் வெறுப்போ கேட்காமையோ, வேண்டாதவர் யார் என்ற கேள்விக்கு விடை அழைப்பைப் பெறுகிறவர்தான். அவர் வேண்டவில்லை என்றால் விஷயம் முடிந்தது. உங்களுக்கு இது தேவைதான் என்று விற்பவர் வாதாடலாம். நீங்கள் இதை வேண்டினீர்கள் என்று வாதாட முடியாது.

‘வேண்டா அழைப்பு’ என்று ஈறு கெடுத்து எழுதினால் இன்னும் இறுக்கமாக இருக்குமே என்று கேட்கலாம். இலக்கணப்படி சரிதான். குறுஞ்செய்திக்கு ‘வேண்டாக் குறுஞ்செய்தி’ என்று ஒற்று மிக வேண்டும். ஆனால் ‘வேண்டா’ என்பது தனியே நின்றால் ‘கூடாது’ என்ற வினைமுற்றாகவும் படிக்கப்படும். ஓர் எழுத்தை மிச்சம் பிடித்துக் குழப்பத்தை வாங்குவானேன்? ‘வேண்டாத’ என்றே இருக்கட்டும்.

இந்த ஒரு சொல்லோடு நின்றால் பரவாயில்லை. இதே துறையில் மற்ற மொழிபெயர்ப்புகளும் மனத்தை வருத்துகின்றன. 2011இல் பழைய பதிவேடு ‘கஸ்டமர் பிரிஃபரன்ஸ்’ பதிவேடாக மாறியது. வங்கி, வீடுமனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா என்று வகைவகையாகப் பிரித்து, எந்த வகை வரலாம், எது வரக் கூடாது என்று நாமே சொல்லலாம். நல்ல ஏற்பாடு. அதை ‘வாடிக்கையாளர் முன்னுரிமை’ என்று எழுதுகிறார்கள். முன்னுரிமை என்றால் வரிசையில் முதல் இடம். ‘உங்கள் முன்னுரிமையைப் பதிவு செய்யுங்கள்’ என்று செய்தி வந்தால், எந்த விளம்பரம் முதலில் வர வேண்டும் என்று கேட்பது போல இருக்கிறது. ‘விருப்பம்’ என்ற எளிய சொல் இருக்கும்போது அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. விற்பனை அழைப்புகளைத் தடுக்கும் ‘டு நாட் டிஸ்டர்ப்’ வசதியை, அதாவது டிஎன்டியை, ‘தொந்தரவு செய்யாதே’ என்கிறார்கள். பணம் கட்டும் வாடிக்கையாளரின் கைப்பேசித் திரையில் யாரை யார் ஒருமையில் அதட்டுகிறார்கள்? டெலிமார்க்கெட்டிங் ‘தொலைச் சந்தைப்படுத்தல்’ ஆகிறது. ‘தொலைபேசிவழி விற்பனை’ என்றால் குழந்தைக்கும் புரியும்.

புரிவது இங்கே அழகுக்காக இல்லை. ஏமாற்றிப் பணம் பறிக்கும் அழைப்பையும் ‘தேவையற்ற அழைப்பு’ என்றே எழுதுவதால் எங்கே புகார் செய்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. பணம் போயிருந்தால் அது மோசடி, உடனே 1930க்கு அழைக்க வேண்டும். கேட்காமல் வந்த விற்பனை அழைப்பு என்றால் 1909. முன்பு 3 நாளுக்குள் புகார் செய்ய வேண்டியிருந்தது, 2025 திருத்தத்தில் அதை 7 நாளாக்கிவிட்டார்கள். அதே திருத்தத்தின்படி குறுஞ்செய்தி அனுப்புபவர் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. விளம்பர அழைப்புகள் 140இல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். இவையெல்லாம் நல்ல கருவிகள். ஆனால் ‘நான் வேண்டவில்லை’ என்பதே புகாருக்குப் போதுமான காரணம் என்று தெரிந்தவர்தான் இவற்றைக் கையில் எடுப்பார்.

என்னிடம் எழுதச் சொன்னால் அந்த அறிவிப்பை இப்படி எழுதுவேன்: “வேண்டாத விற்பனை அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வருகின்றனவா? உங்கள் விருப்பத்தை 1909இல் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த பிறகும் வந்தால், 7 நாளுக்குள் அதே எண்ணில் புகார் செய்யுங்கள்.”