கண்ணை மூடியதும் எண்ணங்கள் பெருகுகின்றனவா?

தினமும் சிறிது நேரம் தியானம் செய்யுங்கள் என்று மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் சொன்னால், பலர் தயக்கத்தோடு சொல்லும் பதில் ஒன்று உண்டு. "செய்து பார்த்தேன் டாக்டர், எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணை மூடினால்தான் எல்லா நினைப்பும் வருகிறது." மனம் வெறுமையாகிவிடுவதே தியானம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதால், நான்கு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று முடிவு செய்து விலகிவிடுகிறார்கள். உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களே இப்படி முதலில் விலகிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மூளை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. கையில் குறிப்பிட்ட வேலை இல்லாத வேளையில் அதன் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து கூடுதலாக இயங்குகின்றன என்பதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001இல் விளக்கினர். நடந்து முடிந்ததை அசைபோடுவதும் நடக்கப்போவதை ஒத்திகை பார்ப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகிய இருவர் கைபேசி வழியாக நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம், செய்யும் வேலையை விட்டு வேறெங்கோ அலைவதாகவும், அப்படி அலையும்போது மக்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாக இருப்பதாகவும் தெரியவந்தது. ஆகவே, கண்ணை மூடியதும் எண்ணங்கள் வருவது உங்கள் குறையன்று. எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனிக்கிறீர்கள்.

பயிற்சியை நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிமையானது. நாற்காலியில் முதுகை விறைப்பின்றி நிமிர்த்தி, பாதங்கள் தரையில் படும்படி அமருங்கள். மூச்சை அடக்காமல், இயல்பாக வெளியேறும் ஒவ்வொரு மூச்சையும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். நான்காவது எண்ணிக்கை வருவதற்குள் சிலிண்டர் பதிவு செய்தோமா என்ற யோசனை எழும்; அங்கிருந்து மாமியாரின் மருந்துச் சீட்டுக்கும், அலுவலகத்தில் மேலாளர் பேசிய பேச்சுக்கும் மனம் தாவும். "அடடா, எண்ணுவதை விட்டுவிட்டேனே" என்று திடீரென்று உணர்வீர்கள் அல்லவா, பயிற்சி நடப்பது அந்தக் கணத்தில்தான். உங்களைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் விலகினால், முப்பது முறை அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பகலில் யாரோ சொன்ன ஒரு சொல் மனத்தைக் குடையத் தொடங்கும்போது, அதில் மூழ்குவதற்கு முன்பே "இதோ, ஆரம்பித்துவிட்டது" என்று கண்டுகொள்ளும் திறன் இந்தத் திருப்பத்தில்தான் வளர்கிறது.

மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. பதற்றம் மிகுந்தவர்கள், உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டி ஐந்து நிமிடம் மூச்சு விட்டுவிட்டு, அதன்பின் எண்ணத் தொடங்கினால் எளிதாக இருக்கும்.

இரவில் படுத்ததும் கவலை சூழ்கிறது என்பவர்களுக்கு வேறொரு மனப்பயிற்சி உண்டு. மாலையில் கால் மணி நேரத்தை ஒதுக்கி, கவலைகளை ஒரு நோட்டில் எழுதி, நாளை ஏதேனும் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்துக் குறித்துவைக்க வேண்டும். படுக்கையில் அதே கவலை வந்தால், "இதற்கு நாளை மாலை நேரம் இருக்கிறது" என்று தள்ளிவைக்கலாம்.

இவற்றால் உண்மையிலேயே எவ்வளவு பயன் என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் 1979இல் தொடங்கிய தியானப் பயிற்சி, பின்னர் எட்டு வாரத் திட்டமாக உலகெங்கும் பரவியது. அதை ஒட்டி உருவான சிகிச்சைமுறை, மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைப்பதாக 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பாய்வோ, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்றும், மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. தியானத்தால் எல்லா நோயும் தீரும் என்று மேடைகளில் முழங்குவதை விட, அடக்கமான இந்த முடிவையே நான் நம்புகிறேன்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தியானம் தொடங்கிவிட்டோம் என்று மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். காதில் குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ளவர்களும், கொடிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களும் நீண்ட நேரம் கண்ணை மூடி அமர்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களில் சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கக்கூடும். கண்ணைத் திறந்தபடியே பாதம் தரையில் படுவதைக் கவனித்து மெல்ல நடப்பது பலருக்கு இதைவிடப் பொருத்தமாக இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரை அணுகுங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். நாள் முழுவதும் இயங்கும் இந்த இலவசச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.