ஹாட் ராட் என்பது சூடான தடி அல்ல

"வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பாரம்பரிய சூடான தடியை வீட்டில் உருவாக்குவது எப்படி?" பழைய கார்களைப் பற்றிய ஓர் அமெரிக்கக் காணொளிக்கு யாரோ போட்ட தமிழ்த் தலைப்பு இது. 'ஹாட் ராட்' என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் வந்ததுதான் சூடான தடி. எந்திரம் செய்த கோளாறு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதே சூடான தடியை மனிதக் குரல் பேசிய டப்பிங்கிலும் கேட்டாயிற்று, "சூடான கம்பி" என்றும் கேட்டாயிற்று, யாருக்கோ சூடு போடப் போகிறார்கள் என்பது போல.

ஹாட் ராட் ஒரு கார். 1920கள், 30களில் வந்த சாதாரண அமெரிக்கக் காரை, பெரும்பாலும் ஃபோர்டை, மலிவாக வாங்கி, மட்கார்டு, பம்பர் என்று பாரமானதையெல்லாம் கழற்றிப் போட்டு, இருக்கிற எஞ்சினை உசுப்பேற்றியோ வேறு பெரிய எஞ்சினைப் பூட்டியோ விரட்டின வண்டி. பிறந்த இடம் தெற்குக் கலிஃபோர்னியா. அங்கே மூரோக், எல் மிராஜ் மாதிரி வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் இந்த வண்டிகளை ஓட்டி வேகம் பார்த்தார்கள். அதை முறைப்படுத்த 1937இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களால் கூட்டம் பெருகி, 1948இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது, அடுத்த ஆண்டு யூட்டா மாநிலத்து பான்வில் உப்புப் பரப்பில் வேகவாரம் (ஸ்பீட் வீக்) என்ற வேகப் போட்டி தொடங்கியது.

சொல் வரலாறு சுருக்கமானது. 'ஹாட் ரோட்ஸ்டர்' என்பது தேய்ந்து 'ஹாட் ராட்' ஆனது என்பது பலரும் சொல்வது. ரோட்ஸ்டர் என்றால் நிரந்தரக் கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். ஏரிப் படுகையில் அதிகம் ஓடியதும் அதுதான், கனம் குறைவு என்பதால். இன்னொரு கட்சி, எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுழலும் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலிருந்தோ, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலிருந்தோ ராட் வந்தது என்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் தடி ஜெயிக்காது. 'ஹாட்' என்பதும் வெப்பம் அல்ல, வேகம், துடிப்பு. இந்தப் பெயர் பரவுவதற்கு முன்னால் இதே வண்டிகளை 'கவ் ஜாப்' (gow job) என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, அதைத் தமிழில் யாரும் தொடவில்லை.

தடியும் கம்பியும் அறியாமை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது ஹாட் ராடுக்குச் சிலர் போடும் 'பந்தய மகிழுந்து' மீதுதான், ஏனென்றால் அது யோசித்துச் செய்த தப்பு. தமிழ் மணக்கிறது, இலக்கணம் சரி, பொருள் மட்டும் இல்லை. பந்தயக் கார் என்றால் பந்தயத்துக்கென்றே செய்தது. ஹாட் ராட் அப்படியல்ல. வாரநாளில் அதே வண்டியில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஏரிப் படுகைக்கு ஓட்டிப் போய், விண்ட்ஷீல்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. பந்தயம் பக்கமே போகாமல் தெருவில் மட்டும் ஓடிய ஹாட் ராட்களும் ஏராளம். ஏரியிலும் பெரும்பாலும் பக்கத்து வண்டியோடு போட்டியில்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. இன்னொரு பக்கம், ஃபெராரி பந்தயக் கார் செய்கிறது, அதை எந்த அமெரிக்கனும் ஹாட் ராட் என்று சொல்ல மாட்டான். ஆக அந்தச் சொல் ஹாட் ராட் அல்லாததை உள்ளே விட்டு, ஹாட் ராடை வெளியே நிறுத்துகிறது. மகிழுந்து என்ற பாதியும் எனக்கு ஒட்டவில்லை. குடும்பத்தோடு மகிழ்ந்து போக ஓர் உந்து என்ற நினைப்பில் வந்த சொல், செய்தித்தாளில் விபத்துச் செய்திக்கு அதைப் போடும்போதே சங்கடமாக இருக்கும். மட்கார்டு இல்லாமல், கண்ணில் புழுதி அடிக்க, காது கிழியும் சத்தத்தோடு போகிற வண்டிக்கு மகிழுந்தா?

ஹாட் ராடுக்கு 'விரைவுச் சீருந்து' என்று இன்னொரு பெயரும் சுற்றுகிறது. விரைவுப் பேருந்துக்குத் தம்பி போல இருக்கிறது. வேகமான கார் எல்லாம் ஹாட் ராட் இல்லை என்ற அதே பதில்தான் இதற்கும்.

இந்தச் சொல்லாக்கக்காரர்கள் தவறவிடுவது ஒன்றுதான்: ஹாட் ராடின் உயிர் வேகத்தில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது. 1928 முதல் 1931 வரை விற்ற ஃபோர்டு மாடல் ஏ காருக்கு நாலு சிலிண்டர், 40 குதிரைத்திறன். 1932இல் ஃபோர்டு 3.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை 65 குதிரைத்திறனோடு சாதாரண ஆள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. சில வருடத்தில் அந்த எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர, பையன்கள் அதைத் தூக்கி மாடல் ஏ-யில் வைத்தார்கள். 1955இல் ஷெவர்லே 4.3 லிட்டர் வி8 வந்தது, தொடக்கமே 162 குதிரைத்திறன். அடுத்து அதைத் தூக்கி வைத்தார்கள். ஒரு வண்டியின் உடம்பு, இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதின் பிரேக். ஃபோர்டில் 1938 வரை பிரேக் கம்பியும் நெம்புகோலுமாக இயங்கியது, 1939இல்தான் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது, அதனால் அதற்கப்புறம் வந்த ஃபோர்டின் பிரேக்கைக் கழற்றி முந்தைய வண்டியில் மாட்டுவது ஏறக்குறைய சடங்காகவே ஆகிவிட்டது. இதெல்லாம் 'விரைவு' என்ற ஒரு சொல்லில் எங்கே தெரிகிறது?

அப்போது தமிழில் என்ன சொல்வது? 'முறுக்கேற்றிய பழங்கார்' என்பேன். கயிற்றுக்கு முறுக்கேற்றுவது, ஆளுக்கு முறுக்கேற்றுவது இரண்டும் நம்மிடம் இருக்கிறது, எஞ்சின் அச்சைத் திருகும் விசைக்கும் பாடப்புத்தகமே முறுக்குவிசை என்கிறது. சுருக்கி 'முறுக்குவண்டி' என்று வைக்க ஆசைதான், தின்பண்டம் விற்கும் தள்ளுவண்டி கண்ணில் வந்து நிற்கும், வேண்டாம். நம் ஊர்ப் பட்டறையில் 'ஆல்டர் பண்ணின வண்டி' என்கிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட சரி, ஆனால் பழங்கார் என்பது அதில் விட்டுப்போகிறது. முதல் முறை வரும்போது முறுக்கேற்றிய பழங்கார் என்று விளக்கிவிட்டு, அப்புறம் ஹாட் ராட் என்றே எழுதலாம். இட்லியை உலகம் இட்லி என்கிறதே. கிரந்தம் கூடாது என்று 'ஆட் ராட்' எழுதுகிறவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆட்டு மந்தைக்கும் காருக்கும் என்ன உறவு என்று படிக்கிறவர் யோசிக்கட்டும்.

அந்தத் தலைப்பின் மற்ற சொற்களையும் விடக்கூடாது. 'ஆன் எ பட்ஜெட்' என்பதைப் பெயர்த்த வரவுசெலவுத் திட்டம் நிதியமைச்சர் படிப்பது. வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் செய்கிறவன் பார்ப்பது சிக்கனம். அவன் எதில் சிக்கனம் பார்க்கிறான் என்று தெரிந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் சொல் கிடைக்கும். எல்லாருக்கும் பிடித்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் உடம்பு யானை விலை, ஆகவே மாடல் ஏ-யின் நாலு கதவு உடம்பையோ பிக்கப் கேபினையோ எடுப்பான். பழைய சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கிடைக்காவிட்டால் சதுர இரும்புக் குழாயை வெட்டி அவனே வெல்டிங் வைப்பான். உடைப்புக் கடையிலிருந்து எஞ்சின் வரும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மட்டும் காசைப் பிடிக்க மாட்டான், விவரம் தெரிந்தவனாக இருந்தால்.

'பாரம்பரிய' என்றால் நமக்குப் பட்டுப்புடவையும் மாப்பிள்ளைச் சம்பாவும். இங்கே அதன் பொருள், ஏறத்தாழ 1960களின் நடுவரை இருந்த பாகங்களையும் முறைகளையும் கொண்டே வேலை செய்வது. அந்தக்கால டயர், அந்தக்கால கார்புரேட்டர், பளபளக்கும் கடைந்த அலுமினியம் கிடையாது. 'பழைய முறை' போதும். 'உருவாக்குவது' வேண்டவே வேண்டாம். கரூரில் பஸ் பாடியைக் கட்டுகிறார்கள், உருவாக்குவதில்லை. சேசிஸ் மேல் உடம்பைக் கட்டி வண்டியாக்குவதற்கு இவ்வளவு கச்சிதமான வினைச்சொல் பட்டறையில் புழங்கும்போது, அகராதியைப் புரட்டிக் 'கட்டமைத்தல்' கொண்டு வருகிறவர்கள் ஒருநாள் பட்டறைக்குப் போய் நின்று கேட்டால் தேவலை.

இன்னும் ஒன்று. 'ரேட் ராட்' (rat rod, ரேட் என்றால் எலி) என்று ஒரு வகை உண்டு. துருவை அப்படியே விட்டு, பெயின்ட் அடிக்காமல், வேண்டுமென்றே அரைகுறையாக நிறுத்திய வண்டி. பழைய முறைக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது, தங்கள் வண்டியை யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்கே வருவார்கள், ஏனென்றால் அந்தக்காலப் பையன்கள் காசு சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெயின்ட் அடித்தார்கள். இதை ஒருவர் 'எலித் தடி' என்று பெயர்த்திருக்கிறார். எலி அடிக்கிற தடி என்று நினைத்தாரோ என்னவோ. 'துருவண்டி' என்று எழுதியிருந்தால் படிக்கிறவருக்கு ஒரே நொடியில் விளங்கியிருக்கும்.