‘பொது மனிதாபிமானம்’ என்று ஒரு படிப்பு இல்லை

பப்ளிக் ஹியூமானிட்டீஸ் என்ற பட்டப்பின் படிப்பைத் தமிழில் ‘பொது மனிதாபிமானக் கற்கை’ என்று எழுதுகிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்காக மலையகத்தில் ஹட்டன் பக்கம் நடக்கும் வழிகாட்டல் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வேறு சிலர் ‘பொது மானிடவியல்’ என்கிறார்கள். இரண்டுமே பிழை. முதலாவது, பிள்ளைகளைத் திசைமாற்றும் பிழை.

ஹியூமானிட்டீஸின் மூலச்சொல் லத்தீனின் ‘ஹூமானிடாஸ்’. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இலக்கணம், சொல்வன்மை, வரலாறு, கவிதை, ஒழுக்கவியல் ஆகியவற்றைச் சேர்த்து ‘ஸ்டூடியா ஹூமானிடாட்டிஸ்’ என்றார்கள். பண்டைய ரோமப் பேச்சாளர் சிசரோ முன்னமே கையாண்ட தொடர் அது. இன்றைக்கு மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், கலை வரலாறு எல்லாம் அதற்குள் அடக்கம். ‘பப்ளிக்’ என்ற அடைமொழி பிற்காலத்தது. 1976இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் வரலாற்றாசிரியர் ரொபர்ட் கெல்லி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை செய்யும் வரலாற்றாளர்களைப் பயிற்றுவிக்க ஒரு பட்டப்பின் படிப்பைத் தொடங்கினார். அதற்குப் பப்ளிக் ஹிஸ்டரி என்று பெயர். பின்னாளில் பிரவுண் பல்கலைக்கழகம் பப்ளிக் ஹியூமானிட்டீஸ் என்ற பெயரிலேயே முதுகலைமாணிப் பட்டம் வழங்கியது. நூதனசாலை, சுவடிக்கூடம், மரபுரிமைப் பாதுகாப்பு, வாய்மொழி வரலாறு, வானொலி ஆவணம் போன்ற வேலைகளுக்கு ஆள் தயார்செய்யும் படிப்பு இது. சரி, பிறப்பு இவ்வளவுதான்.

இப்போது ‘மனிதாபிமானம்’. இந்தச் சொல் இலங்கைத் தமிழர் காதில் எப்படி விழுகிறது என்று மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். நமக்கு மனிதாபிமானம் என்றால் நிவாரணம். உலர் உணவுப் பொதி, தறப்பாள், தற்காலிகக் கூடாரம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தபோது வந்தது மனிதாபிமான உதவி. போர் முடியும் காலத்தில் அரசாங்கம் தன் படை நடவடிக்கைக்கே ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயர் வைத்தது. இவ்வளவையும் சுமந்து நிற்கும் சொல்லை ஒரு படிப்பின் பெயரில் போட்டால், மஸ்கெலியாவில் இருக்கும் ஒரு பிள்ளை என்ன நினைக்கும்? தொண்டு நிறுவன வேலைக்கான படிப்பு என்றுதான் நினைக்கும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஆர்வமுள்ள பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 2ஆம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் இதே விஷயத்தில் பொறுமை இழந்திருக்கிறார். ஹூமானிடாஸ் என்பதை எல்லார் மீதும் காட்டும் பரிவு என்று பலர் எண்ணுகிறார்கள், லத்தீனைச் செம்மையாகப் பேசியவர்கள் அதைக் கல்வியால் வரும் பண்பு என்ற பொருளில்தான் வழங்கினார்கள் என்று எழுதிவைத்தார். ஆங்கில அகராதியைத் திறந்தால்கூட ஹியூமானிட்டேரியன் வேறு, ஹியூமானிட்டீஸ் வேறு. அதைப் பார்க்கவும் நேரமில்லாத அவசரம்.

‘மானிடவியல்’ என்போருக்கும் பதில் உண்டு. அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. அந்த்ரோபாலஜியைத்தான் நாம் மானிடவியல் என்று படித்துவருகிறோம். அதையே ஹியூமானிட்டீஸுக்கும் வைத்தால் நாளைக்கு இரண்டு துறைகளுக்கும் ஒரே விண்ணப்பப் படிவம்தான்.

‘பொது’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. நம் கல்வி உலகத்தில் பொது என்றால் சிறப்புக்கு எதிர்ச்சொல். க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரம்) என்பதன் நடுவில் இருக்கும் ‘பொ’ அதுதான். பேராதனைக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளை முதலில் கேட்பதே, பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா என்றுதான். ‘பொது மானிடவியல்’ என்று அச்சடித்தால், மேலோட்டமாக எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்துவரும் பட்டம் என்றே அர்த்தமாகும். முதுகலைமாணி மட்டத்தில் இருக்கும் ஒரு கடினமான பயிற்சிக்கு இப்படியொரு பெயரா?

என் தெரிவு ‘பொதுவெளிப் பண்பியல்’. ஹியூமானிட்டீஸுக்கு ‘மனிதப் பண்பியல்’ என்று சிலர் எழுதிவருகிறார்கள், நல்ல ஆக்கம். ‘அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்’ என்ற குறளில் அறிவுக்கூர்மைக்கும் மேலாக வைக்கப்படும் மக்கட்பண்புதான் கெல்லியுஸ் சொன்ன பொருளுக்கு மிக நெருக்கம். ‘பொதுவெளி’ பத்திரிகை வாசிக்கும் எல்லாருக்கும் பழகிய சொல். ‘மேலோட்டம்’ என்ற வாடை அதில் இல்லை. ‘மக்கள்சார்’ என்றும் வைக்கலாம், ஆனால் அந்த அடைமொழி இப்போது எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் ஒட்டப்பட்டுத் தேய்ந்துபோய்விட்டது.

இந்த வேலை மலையகத்துக்கு அந்நியமானதும் அல்ல. தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை செய்தது இதுதான். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்குப் போனால் பழைய இயந்திரங்களையும், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களையும் பார்க்கலாம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றில் இருக்கும் தொழிலாளர் நூதனசாலைக்குப் போனால் கொழுந்து பறித்தவர்களின் பாவனைப் பொருட்களைப் பார்க்கலாம். ஒரே தேயிலைக்கு இரண்டு கதைகள். எதைக் காட்டுவது, யார் குரலில் சொல்வது, விளக்கப் பலகையை எந்த மொழியில் எழுதுவது என்று தீர்மானிப்பதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் இந்தப் பட்டம். மலையகத்தின் காமன்கூத்தைப் பதிவுசெய்யவும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்து நினைவுகளைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதவும், தொழிலாளரின் பெயரும் சம்பளமும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் கரையானுக்குப் போகும்முன் காப்பாற்றவும் நம் பிள்ளைகள் வரவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறார்கள். அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடமாவது ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்பதில்லை. அப்புறம் அந்தப் பிழை சுற்றறிக்கைக்குள் ஏறி, பாடசாலை அறிவித்தல் பலகைக்கு வந்து, திருத்த முடியாததாகிவிடுகிறது. ‘பொதுவெளிப் பண்பியல்’ பிடிக்காதவர்கள் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதட்டும், பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடட்டும். மனிதாபிமானத்தை மட்டும் நிவாரணத்துக்கு விட்டுவிடுங்கள்.