முந்தி ஓடும் காது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் சந்தையில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "இந்த மீன் நேற்றுப் பிடித்ததா?" என்று கேட்கிறாள். பதில் உடனே வந்து விழுகிறது. பத்து மொழிகளில் இப்படிப்பட்ட கேள்வி பதில்களை அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் கழிகிறது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை விநாடிக்கு மேல் பிடிக்கும். ஒற்றைச் சொல்லுக்கே அவ்வளவு நேரம் என்றால், கேள்வி காதில் விழுந்து முடிந்த பிறகா பதில் உருவாகியிருக்கும்? மீன்காரி பாதிக் கேள்வியிலேயே மீதியை ஊகித்துவிட்டாள்.

காது எப்போதும் இப்படி முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓடவிடுகிற பேச்சைக் கேட்கத் தோன்றுகிறது. அதன் வழியை அடைக்கிற பேச்சை, பேசுபவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சகித்துக்கொள்ளத்தான் முடிகிறது.

இது மூளையிலேயே தெரிகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் ஒரு பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை ஒத்திகையின்றிச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பதிவைப் பிறகு வேறு சிலருக்கு ஒலிபரப்பி அவர்களுடைய மூளையையும் படம்பிடித்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, கேட்டவர்களின் மூளையில் நிகழ்ந்த மாற்றங்கள் பேசியவளின் மூளையில் நிகழ்ந்தவற்றைச் சற்றுத் தாமதமாகப் பின்பற்றின. சில பகுதிகளில் மட்டும் நேர்மாறாக, கேட்பவர் முன்னால், பேசுபவர் பின்னால். யாரிடம் இந்த முந்துதல் அதிகமோ அவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்ய மொழிக் கதையைப் போட்டபோது இந்த இணைப்பே காணாமல் போயிற்று.

டர்பனில் தமிழ் விழா நடத்துகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளுடன் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. பெரும்பாலான வீடுகளில் இன்று பேச்சு மொழி ஆங்கிலம்தான். ஆடி மாதக் கஞ்சிப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் செந்தமிழில் முழங்கும்போது, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அது ரஷ்ய மொழிக் கதை. செய்தியில் 93 சதவீதம் குரலிலும் உடலசைவிலும்தான் இருக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் அளந்துவிடுகிறார்களே, அது உண்மையானால் இந்தப் பிள்ளைகளுக்குச் சொற்பொழிவில் 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டும்! (அந்த எண்ணுக்கு மூலமான ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டுச் சோதனைகள் விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை மட்டும் பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.)

பெரியவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டியதில்லை. 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த சோதனை ஒரு வழி காட்டுகிறது. துணி துவைப்பதை, துணி என்றோ துவைத்தல் என்றோ சொல்லாமல் சுற்றி வளைத்து எழுதிய ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். விஷயம் இன்னதென்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கோ அதனால் பயனே இல்லை. "கரும்புத் தோட்டத்திலிருந்து என் பாட்டி தப்பி வந்த கதையைச் சொல்லப்போகிறேன்" என்பதை முதலில் ஆங்கிலத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுத் தமிழில் தொடங்கினால், அரைகுறைத் தமிழ் அறிந்த காதுக்குக்கூட ஊகிக்க ஒரு பிடி கிடைத்துவிடும். கடைசியில் 'சுருக்கமாகச் சொன்னால்' என்று விளக்குவது காலம் கடந்த உதவி.

ஆனால் எல்லாமே ஊகித்தபடி வந்தாலும் ஆபத்துதான். மாறாமல் ஒலிக்கும் எதையும் மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும். குளிர்பெட்டியின் ரீங்காரம் நம் கவனத்துக்கு வருவது அது நிற்கும்போதுதான். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று ஐந்து நிமிடம் நீளும் விளிப்பும் அந்த ரகம். அதில் ஒவ்வொருவரும் விழித்துக்கொள்ளும் ஒரே இடம் அவரவர் பெயர். அதற்குக்கூட உத்தரவாதம் இல்லை: ஒரு காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு மறு காதில் அவர்களுடைய பெயரைச் சொன்னபோது, மூன்றில் ஒருவர்தான் கவனித்தார் என்று நெவில் மோரே 1959இல் கண்டார்.

மண்டபமும் சேர்ந்து சதி செய்கிறது. ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பேச்சின் வலு உயிரொலிகளில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுவதோ பெரும்பாலும் மெய்யொலிகள். 'பால்' என்ற சொல்லின் நெட்டொலி மண்டபத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சொல்லின் மெல்லிய மெய்யொலி வந்து அதற்குள் மூழ்கிவிடுகிறது. வயது ஏறும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். 'ச' போன்ற ஒலிகள் வாழும் இடம் அதுதான். ஆகவே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நட்டம் இரட்டிப்பு. ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவதே பலன் தரும். தூரம் பாதியானால் மைக்கில் விழும் நேர்க்குரல் ஆறு டெசிபல் உயர்கிறது, மண்டபத்தின் எதிரொலி அப்படியே இருக்கிறது. சொற்றொடர்களுக்கு நடுவே மூச்சு விட்டால், மிதக்கும் ஒலி அடங்கவும் நேரம் கிடைக்கும்.

எனக்கு மிகப் பிடித்த ஆய்வு கனடாவிலிருந்து வந்தது. ஜேனட் பாவலாஸும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்டது. மயிரிழையில் தப்பிய சம்பவத்தை ஒருவர் சொல்ல, எதிரே ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக வேறு வேலை: ஆங்கிலத்தில் 'டி' (T) எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை வருகின்றன என்று கவனிப்பது. அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் கதைக்குள் போகவில்லை. முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் சுளிக்கவில்லை. விளைவாகக் கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள், குறிப்பாக உச்சக்கட்டத்தில். பாட்டி கதை சொல்லும்போது 'உம்' கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாள். ஆய்வகத்தில் பாவம், நிறுத்த வழியில்லை.

அப்படியிருக்க, நம் விழாக்களில் முன்வரிசை யாருக்கு? அடுத்தடுத்துப் பேசப்போகும் பிரமுகர்களுக்கு. தன் முறைக்குக் காத்திருப்பவருக்கு, தனக்குச் சற்று முன்பு பேசியவர் சொன்னது நினைவில் தங்குவதில்லை என்பது 1973இலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. மடித்து வைத்த காகிதத்தை மடியில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகங்களைத்தான் பேச்சாளர் நேருக்கு நேர் காண்கிறார். விழாக் குழுவினர் அவர்களை மூன்றாம் வரிசைக்கு மாற்றிவிட்டு, 'உம்' கொட்டத் தெரிந்த பாட்டிகளையும் கேள்வி கேட்கும் பிள்ளைகளையும் முன்னால் உட்காரவைக்கலாம். மாலை மரியாதையை மூன்றாம் வரிசைக்கே கொண்டுபோய்ச் செய்துவிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.