துய்தே எண்டா என்ன? தமிழில என்னெண்டு சொல்லலாம்?

திருகோணமலையில கராத்தே பழகிற பெடியள்ட்ட குத்துக்கும் உதைக்கும் ஜப்பான் பேர் கேட்டா மளமளவெண்டு சொல்லுவாங்கள், ஆனா எதிராளி கிட்ட வந்து கையைப் பிடிச்சா என்ன செய்யிறது, அதுக்கு என்ன பேர் எண்டு கேட்டா 'லாக்' எண்ட ஒரே சொல்லோட கதை முடிஞ்சுது. அந்த லாக், முறுக்கு, இழுவை, மூட்டை மடக்கிறது எல்லாத்துக்கும் சேத்து, கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில இருக்கிற பேர்தான் துய்தே.

பிரிச்சா ரெண்டே துண்டு. முன்னுக்கு வாறது எடுக்கிறது, பிடிக்கிறது எண்ட வினை, பின்னுக்கு வாறது கை. இதையே ஜப்பான் மொழியில தொரிதே எண்டு வாசிப்பினம். ஒகினாவாக்காரர்ட வாயில ஒகரம் உகரமாகும், எகரம் இகரமாகும், 'ரி'யில இருக்கிற ரகரமும் விழுந்துபோகும், அதாலதான் ஜப்பானில பறவைக்கு தொரி, ஒகினாவாவில துய். அந்தக் கணக்கில பாத்தா சரியான ஒகினாவா உச்சரிப்பு துய்தீ எண்டுதான் வரோணும், துய்தே எண்டுறது முன்பாதி ஒகினாவா பின்பாதி ஜப்பான், ஒரு கலப்படம், ஆனா அமெரிக்காவில ஒயாத்தா செய்யூ எண்ட ஒகினாவா மாஸ்டர் படிப்பிச்சு இந்தப் பேர்தான் வெளிநாடு வழிய பரவினது, இனி மாத்தேலாது. இன்னொண்டு, ஜப்பானில தொரிதே எண்டு அதே ஒலியில வேற எழுத்துப் போட்டா பழைய காலத்தில குற்றவாளியைப் பிடிக்கப் போற சேவகனையும் குறிக்கும்.

இது ஆரோ பிறகு கொண்டுவந்து ஒட்டின சாமான் எண்டு சிலபேர் நினைக்கினம். இல்லை. இத்தோசு அங்கோ எண்ட ஒகினாவாக் கராத்தே மாஸ்டர் 1908இல கல்வி அதிகாரியளுக்கு எழுதின பத்து அறிவுரையில ஆறாவதில இந்தச் சொல் அப்பிடியே இருக்கு: உள்ள போறது, தடுக்கிறது, கழட்டிறது, கையைப் பிடிக்கிறது எண்டு முறைகள் இருக்கு, அதில கனக்க வாயால சொல்லிக் குடுக்கிறதுதான் எண்டு. அந்த 'வாயால'தான் பிரச்சினை. கராத்தே பள்ளிக்கூடத்துக்குள்ள போய் வரிசையா நிக்கிற பிள்ளையளுக்கு ஒரேயடியாப் படிப்பிக்கிற பாடமான பிறகு குத்தும் உதையும் முன்னுக்கு வந்திட்டுது, பிறகு போட்டி வந்தோண்ண பிடிச்சு வைச்சிருக்கிறது குற்றமாயிட்டுது, பிடி பின்னுக்குப் போட்டுது.

ஆனா கட்டாவுக்குள்ள, அதாவது தனிய நிண்டு வரிசையாச் செய்து பழகிற அசைவுகளுக்குள்ள, அது இன்னும் கிடக்கு. ஒரு கை குத்தேக்க மற்றக் கை இடுப்புக்கு வருதே, ஹிகிதே, அது சும்மா ஸ்டைலுக்கு இல்லை, எதிராளியின்ர கையைப் பிடிச்சு முறுக்கி இழுக்கிற கை. கெடான் பராய் எண்டு கீழ்த் தடுப்பாப் படிக்கிறமே, அதையே பிடியாச் செய்து பாருங்கோ: இடுப்புக்கு வாற கை அவன்ர மணிக்கட்டை முறுக்கி இழுக்குது, அவன்ர முழங்கை மேல பாக்குது, கீழ இறங்கிற முன்னங்கை முழங்கைக்குக் கொஞ்சம் மேல அமத்துது. ஆள் குனிஞ்சே ஆகோணும். உங்கட கையை அவன் பிடிச்சா அவன்ர பெருவிரல் பக்கமாத்தான் கழட்டோணும், நாலு விரல் பக்கம் இழுத்து மல்லுக்கட்டினா வராது.

கோஜு ரியூ எண்ட கராத்தே பிரிவில இதுக்கெண்டே ககியே எண்டு ஒரு பயிற்சி, ரெண்டுபேரும் மணிக்கட்டோட மணிக்கட்டு ஒட்டி, தள்ளி இழுத்து, விடாமல். அதில வேணுமெண்டு சொல்லுற குணம் முச்சிமி. ஜப்பானில மொச்சி எண்டுற ஒட்டிற அரிசிப் பண்டம் ஒகினாவாவில முச்சி, ஒகரம் உகரமாகிற அதே கணக்குத்தான். எங்கட தொதல் கையில பிடிச்சா எப்பிடி விடாதோ அப்பிடி.

இனி தமிழ்ச் சொல். நேரா மொழிபெயர்த்தா 'கைப்பிடி', அது கதவுக்கும் கத்திக்கும் போயிட்டுது, 'கைப்பிடிச்சான்' எண்டா கலியாணம் முடிச்சான் எண்டு அர்த்தம், கிளாஸில சொன்னா பெடியள் சிரிப்பாங்கள். சிலபேர் மல்யுத்தம் எண்டும் எழுதினம், எனக்குச் சரியாப் படேல்ல. புறநானூறு 80இல சோழன் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை அமத்தேக்க ஒரு கால் அவன்ர மார்பில, மற்றக் கால் முதுகில, அது ஆளோட ஆள் முழு உடம்பாக் கட்டிப் புரளுற போர். துய்தே நிண்டபடி, கை மூட்டைப் பிடிச்சு, அடிக்கிறதுக்கு வழி எடுக்கிறது.

எங்கட பழைய வெறுங்கைச் சண்டைக் கலை குத்துவரிசையில ஏற்கெனவே பேர் இருக்கு: பிடிவரிசை. கிழக்கில சீனடி, சிலம்படி எண்டு பழகின பழைய ஆக்களுக்கு 'வரிசை' எண்டா விளக்கம் சொல்லத் தேவையில்லை. துய்தே முழுக்கப் பிடிவரிசை, மூட்டு லாக்குக்கு மட்டும் பூட்டு, பிடியில இருந்து வெளிய வாறது கழட்டல். பூட்டெண்டா ஆமைப்பூட்டு ஞாபகம் வருது எண்டு ஆரும் சொன்னா, லாக் எண்டாலும் அதே சாமான்தானே.

கூடவே குமித்தேயும், அதாவது ரெண்டுபேர் நேருக்கு நேர் நிண்டு செய்யிற சண்டைப் பயிற்சி. கோக்கிறது எண்ட எழுத்தும் கை எண்ட எழுத்தும் சேந்தது அது, அந்த ரெண்டையும் முன்பின் மாத்திப் போட்டா தெகுமி, ஒகினாவாப் பெடியள் முந்தி பிடிச்ச மல்லு. எங்கட பேப்பரில 'இரு குழுக்களுக்கிடையே கைகலப்பு' எண்டு போடுவாங்களே, கிட்டத்தட்ட அதே சொல். கிரேடிங் தாளில கைகலப்பு எண்டு எழுதினா அம்மாமார் பயந்திடுவினம், குமித்தே எண்டே விடுங்கோ, பிடிவரிசையை மட்டும் எழுதுங்கோ.