சிரித்தவர் சரி, சிரிக்காதவர்?

தம்பதியாக வந்திருந்தார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம். சண்டைக்குக் காரணம் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி என்று சொன்னதும் எனக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா ஆன கதையை ஒருவர் மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறார். குழந்தை தூங்கிய நேரத்தில் இருவரும் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்தை விட்டுப் போகும் ஆண்களைப் பற்றி ஒரு ஜோக் வந்திருக்கிறது. கணவர் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களும் அப்படி நினைச்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்?" என்பது மனைவியின் கேள்வி. "ஜோக்குக்குச் சிரிச்சது ஒரு குத்தமா?" என்பது கணவரின் பதில். இதே இரண்டு வரியை இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன். பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒரு கதையாகச் சொல்கிறேன்.)

குடும்ப ஆலோசகர் என்ற முறையில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் மீது எனக்கு நன்றியுண்டு. நான் நாலு அமர்வில் வரவழைக்க முடியாத பேச்சை ஒரு ஜோக் வரவழைத்துவிடுகிறது. மைக் பிர்பிக்லியா என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் 2018-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் நடத்தி, அடுத்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் வந்த நிகழ்ச்சி முழுக்கவே பிள்ளை வேண்டாம் என்றிருந்த ஒருவர் அப்பாவான கதைதான். சில அப்பாக்கள் ஏன் கிளம்பிவிடுகிறார்கள் என்பது தனக்குப் புரிகிறது என்று அதில் அவர் வாய்விட்டுச் சொல்வார். அதற்குச் சிரிக்கிறவர்கள் எல்லாரும் கிளம்பத் தயாராக இருப்பவர்கள் அல்ல. அந்த நினைப்பு தனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்த நிம்மதியிலும் சிரிப்பு வரும்.

ஆனால் மனைவியின் வருத்தத்தையும் தள்ளிவிட முடியாது. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் கண்டது, மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பது. அதாவது, சிரிப்பு பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும் சேதி. அந்தக் கணவர் சோபாவில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஏதோ ஒரு சேதி இருந்தது. அது என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

"எந்த இடம் உங்க வீட்டுல நடந்த மாதிரியே இருந்துச்சு?" என்று மட்டும் கணவரிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியதும், மேலே போகாமல் அதிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பாராம். தினமும். போன்கூடப் பார்ப்பதில்லை, சும்மாதான். மனைவிக்கு அது அன்றுதான் தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தாய்மாருக்கு வரும் என்பது ஓரளவு தெரிந்த செய்தியாகிவிட்டது. அப்பாவுக்கும் வரும் என்றால் இன்னும் பலர் சிரிக்கிறார்கள். அது நகைச்சுவைக்குச் சிரிக்கும் சிரிப்பும் அல்ல. 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. மனைவி கருவுற்றிருக்கும் காலம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை, ஏறக்குறைய பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருப்பதாக அது கணக்கிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அது கூடுதலாகத் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், விடுப்பும் முடிந்துவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை என்கிற காலம் அது. தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் தந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ஒருவரை மட்டும் கவனித்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்களிடம் இது அழுகையாக வராமலும் போகலாம். எரிச்சலாக வரும். தேவையில்லாமல் வேலையில் மூழ்குவது, குடி கூடுவது, தலைவலி, வயிற்றுக் கோளாறு, குழந்தையைத் தூக்கத் தயங்குவது என்று வேறு வேறு உருவத்தில் வரும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் தாய்மாருக்காக உருவான எடின்பரோ வினாத்தாளில் பத்துக் கேள்விகள். மதிப்பெண் கூடினால் மனச்சோர்வுக்கான வாய்ப்பும் கூடுதல் என்று பொருள். அதைத் தந்தையருக்கும் பயன்படுத்துகிறார்கள். அழுகை பற்றிய கேள்விக்குப் பல ஆண்கள் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால், தந்தையருக்குக் குறைந்த மதிப்பெண்ணிலேயே கவனிக்கத் தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு வகை ஜோக் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது, 'கைதவறிப் போட்டுவிட்டால்?' என்று மனதில் ஓடும் அந்தக் காட்சி. அரங்கில் பாதிப்பேர் மூச்சை இழுப்பார்கள், மீதிப்பேர் வெடித்துச் சிரிப்பார்கள். இதைத் தனக்கு மட்டும் வந்த பைத்தியம் என்று நினைத்து, குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற வேண்டாத எண்ணம் புதிதாகப் பெற்றோர் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வந்து போகிறது. அது வந்து உங்களைப் பதற வைத்தால், நீங்கள் அதை விரும்பவில்லை என்றுதான் பொருள். நாள் முழுக்கத் துரத்தினால் ஆலோசகரைப் பாருங்கள். சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் பிரச்சினை. ஆனால் பதற்றமே இல்லாமல் அதைச் செய்யத் தோன்றுவது, யாரோ கட்டளையிடுவது போல் குரல் கேட்பது, தான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுவது, இவை வேறு. அன்றே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போக வேண்டியவை. அதுவரை அவரையும் குழந்தையையும் தனியாக விடக்கூடாது.

எனக்கு எரிச்சல் தரும் கைதட்டல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ராத்திரி நான்தான் டயப்பர் மாற்றுவேன்' என்று மேடையில் ஒரு அப்பா சொன்னால் அரங்கம் கைதட்டுகிறது. அதே வேலையை அம்மா சொன்னால் அது ஒரு தகவல். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். சில சண்டைகள் அந்தக் கைதட்டலில்தான் தொடங்குகின்றன.

அப்புறம், சிரிக்காதவர்கள். பெரியவர் ஒருவர், பேரன் எடுத்தவர், மகனோடு இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போய் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்ததும், "எங்களையெல்லாம் இப்படி யாரும் கேக்கல" என்று ஒரே ஒரு வரி. மகன் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குழந்தையை இழந்தவர்களும், பிள்ளைக்காக வருடக்கணக்கில் சிகிச்சையில் இருப்பவர்களும்கூட அந்த நாற்காலிகளில் இருப்பார்கள். பாதியில் எழுந்து போகிறவரை 'ஜோக் தாங்காதவர்' என்று முடிவு கட்ட வேண்டாம்.

சேர்ந்து பார்த்த பிறகு "எந்த இடம் நம்ம வீடு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்க நினைத்தால் அன்றிரவே கேட்காதீர்கள். இரண்டு பேரும் தூங்காதவர்கள், எதைச் சொன்னாலும் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். மறுநாள், முகம் பார்க்காமல் செய்யும் ஏதாவது வேலையின் நடுவில் கேளுங்கள். "ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னது சின்ன ஏற்பாடுதான். இருபது நிமிடம் அவருக்கு வேண்டும் என்றால் ஒளியாமல் எடுத்துக்கொள்ளட்டும், அதே இருபது நிமிடம் மனைவிக்கும் தினமும் உண்டு என்று. கூடவே இருவரையும் எடின்பரோ வினாத்தாளின் அந்தப் பத்துக் கேள்விகளுக்கும் பதில் எழுதச் சொன்னேன். மதிப்பெண் அதிகம் வந்தது மனைவிக்கு.