மோதிரத்தின் 'டிக்' சத்தம் எங்கே போனது?

அம்மாவின் வைர மோதிரத்தை மூடினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. மோதிரம் மூடுகிறது, ஆனால் பூட்டவில்லை. சப்பாத்தி மாவு பிசையும்போது தானாகத் திறந்து மாவுக்குள்ளேயே போய்விட்டது, நல்லவேளை கல்லில் போடுவதற்கு முன்பே கையில் நெருடியது.

மோதிரம் ஏன் திறந்து மூட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்னும் வயதாகவில்லை என்று அர்த்தம். மூட்டுத் தேய்மானம் வந்தால் விரலின் நடு முட்டியில் எலும்பே புடைத்துவிடும். வீக்கம்போல வடிந்து போகாது. விரலின் அடிப்பகுதிக்கு 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோதிரம் சரியாக இருக்கும், முட்டியைத் தாண்டவோ 19.5 வேண்டும். சுற்றளவில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் வித்தியாசம். பெரிய மோதிரமாகப் போட்டால் உள்ளே போய் லொடலொடவென்று சுற்றும், சின்னதாகப் போட்டால் சோப்புத் தண்ணீரோடு போராட வேண்டும். அதனால்தான் வளையத்தை இரண்டாக வெட்டி, ஒரு பக்கத்தில் கீலும் எதிர்ப் பக்கத்தில் பூட்டும் வைக்கிறார்கள். சிலவற்றில் பூட்டு நாக்கில் இரண்டு பள்ளம் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு அளவு, வெயிலில் விரல் உப்பினால் இன்னொரு அளவு.

பூட்டு என்றாலும் சாவி கிடையாது, ஒரு நாக்கும் அது நுழைய ஒரு கூடும் மட்டும்தான். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த நாக்கு கூட்டுக்குள் போகும்போது அமுங்கி, உள்ளே போனதும் மேலெழுந்து விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அந்த மேலெழும் தட்டல்தான் 'டிக்'. சத்தம் இல்லை என்றால் நாக்கு மேலெழவில்லை, அல்லது போக வேண்டிய இடத்துக்கே போகவில்லை.

இந்த 'அல்லது'வைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம்.

முதலில் கொடுத்த கடையில் மெல்லிய கத்தி முனையால் நாக்கை லேசாக நெம்பி நிமிர்த்திக் கொடுத்தார்கள். 2 மாதம் ஓடியது. மறுபடி நிமிர்த்தினார்கள், 3 வாரம். உலோகத்தை வளைக்க வளைக்க மடிப்பில் அது இறுகிக்கொண்டே போகும். உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, சிக்கலாகி, மேற்கொண்டு வழுக்க இடமில்லாமல் ஆகிவிடும். அதற்கும் மேலே வளைத்தால் விரிசல்தான். ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்திருப்பீர்களே, அதே கதை. கூட்டுக்குள் சரியாக நுழையட்டும் என்று நாக்கை அரத்தால் வேறு ராவிவிட்டார்கள். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.4 மில்லிமீட்டர் தகட்டை 0.3 ஆக்கினால், குறைந்தது கால்பங்கு தடிமன்தான், ஆனால் விறைப்பில் மிஞ்சுவது 42 சதவீதம். பாதிக்கும் குறைவு!

அப்புறம் ஒரு வயதான பத்தர் மோதிரத்தை வாங்கி, பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. "நாக்குல என்னம்மா இருக்கு, கீல் தேஞ்சிருக்கு" என்றார்.

கீலில் மூன்று குட்டிக் குழாய்கள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் ஒரு பாதியைச் சேர்ந்தவை, நடுவில் உள்ளது மறுபாதியைச் சேர்ந்தது, மூன்றுக்குள்ளும் ஒரே ஊசி. தினமும் திறந்து மூடும்போது இந்த ஊசியும் துளையும் உரசித் தேய்கின்றன. இடையில் சேரும் சோப்பு, மாவு, தூசி எல்லாம் அரத்தூள் மாதிரி வேலை செய்யும். சரி, 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன குடிமுழுகிவிடும்? கணக்கைப் பாருங்கள்: மோதிரத்தின் அகலம், அதாவது ஊசியின் நீளம், 3 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குள் 0.1 இடைவெளி இருந்தால் ஊசி அந்த அளவுக்குச் சாயும். பூட்டு இருப்பதோ 20 மில்லிமீட்டர் தள்ளி, எதிர்க் கரையில். 3 மில்லிமீட்டரில் 0.1 என்றால் 20 மில்லிமீட்டரில் 0.67. நாக்குக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே அதில் ஒரு சிறு பங்குதான். ஆக, நாக்கு நேராக நுழையாமல் கூட்டின் ஓரத்தில் இடித்து, ஒரு பக்கமாக உரசி, மாட்ட வேண்டிய விளிம்பையும் தேய்த்துவிடுகிறது. கதவின் கீல் தளர்ந்தால் தாழ்ப்பாள் எட்டாமல் போகுமே, அதே கோளாறுதான். அதற்காகத் தாழ்ப்பாளையா வளைப்போம்?

வீட்டில் நாம் செய்யக்கூடியது சுத்தம் மட்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் கீலையும் கூட்டையும் தேய்க்கலாம் (முத்து பதித்ததை ஊறவைக்க வேண்டாம்). பல சமயம் இதிலேயே 'டிக்' திரும்பிவிடும், கூட்டுக்குள் அழுக்கு அடைத்திருந்தாலும் நாக்கு மேலெழாது. சூப்பர் க்ளூ பக்கம் மட்டும் போகவே கூடாது. மெல்லிய இடுக்கில் திரவம் தானாக ஏறும் என்பதால், ஒரு சொட்டு விட்டால் கீல் முழுக்க ஓடி இறுகிவிடும்.

பத்தர் செய்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊசியின் முனை மெருகுக்குள் மறைந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் மெல்லிய வட்டக்கோடு தெரியும். அதைச் சின்ன முனையால் தட்டி வெளியே எடுத்தார். துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதில் பழைய தடிமனிலேயே புது ஊசி போட்டு என்ன பயன்? மூன்று குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கி மறுபடி வட்டமாக்கினார். அதற்குப் பொருந்துகிற தடிமனுக்குக் கம்பியை இழுத்தார். இழுக்கும்போதே கம்பி இறுகி விறைப்பாகும், அது அப்படியே இருக்கட்டும் என்று சூடுகாட்டாமல் விட்டார். உள்ளே செருகி, இரண்டு முனையையும் லேசாகத் தட்டிப் பரத்தி, அரத்தால் ராவி மெருகிட்டார். ஊசி ஓரக் குழாய்களில் இறுக்கமாக நிற்க வேண்டும், நடுக் குழாய் மட்டும் அதன்மேல் சுழல வேண்டும். எல்லாக் குழாயிலும் சுழன்றால் எல்லாமே தேயும்.

பொடி வைத்து ஊதவே இல்லை, அதாவது சூடுகாட்டிப் பற்றவைக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். பற்றவைக்க உருக்கும் உலோகமான பற்றாசும் சூப்பர் க்ளூ மாதிரியேதான், கீல் இடுக்கில் ஏறி மூன்று குழாயையும் ஒன்றாக்கிவிடும். பற்றவைத்தே ஆக வேண்டிய இடங்களில், ஓடக்கூடாத பக்கம் காவியைக் குழைத்துப் பூசித் தடுப்பார்களாம். அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. தங்கக் கலவையை 600, 700 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சினால் வளைத்தும் தட்டியும் ஏறிய இறுக்கமெல்லாம் போய்விடும். நாக்கின் ஸ்பிரிங் குணம் இருப்பதே அந்த இறுக்கத்தில்தான். நாக்குக்குப் பக்கத்தில் ஊதுகுழல் காட்டினால் மோதிரம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், நாக்கு மட்டும் ஈயத்தகடு போல அமுங்கியே கிடக்கும். இப்போது பல பட்டறைகளில் லேசர் வந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியில், சில மில்லி செகண்டு மட்டும் சுடுவதால் பக்கத்திலுள்ள ஸ்பிரிங்குக்குச் சூடு எட்டாது, கல்லுக்கும் ஆபத்து குறைவு. உங்கள் மோதிரத்தில் மரகதமோ முத்தோ இருந்தால் லேசர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுப்பதே என் ஆலோசனை.

மோதிரம் எத்தனை கேரட் என்பதும் முக்கியம். அம்மாவுடையது 18 கேரட், அதாவது 75 சதவீதம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்றவை. அந்தக் கலப்புதான் விறைப்பைத் தருகிறது. 91.6 சதவீதம் தங்கமான 22 கேரட்டில் இதே நாக்கைச் செய்தால் சீக்கிரம் வளைந்து அப்படியே நின்றுவிடும். நம்மூர் 22 கேரட் வளையல்களில் திருகாணி வைத்துப் பூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், திருகாணிக்கு ஸ்பிரிங் வேண்டியதில்லை.

கீல் முடிந்த பிறகுதான் நாக்குக்கு வந்தார். ராவி மெலிந்த பழையதை எடுத்துவிட்டு, உருளையில் அழுத்தி இறுக்கிய புதுத் தகட்டை மடித்து, லேசர் உள்ள இன்னொரு பட்டறைக்கு அனுப்பி ஒட்டவைத்தார். வாங்கும்போது மூடிப் பார்த்தேன், 'டிக்'. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பூட்டிய நிலையில் இரண்டு பாதியையும் பிடித்து இழுத்தும் பார்த்தாயிற்று. அம்மா இப்போது மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றி அஞ்சறைப்பெட்டி மூடிமேல் வைக்கிறாள், அங்கிருந்து அது என்றைக்குத் தொலையப்போகிறதோ.